ஆமிக்காரருக்குக் கதைக்கப் பழக்கிறது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில ஊடகம் படிக்கிற பிள்ளையளோட கதைக்கிறதுதான் என்ர வேலை. வெளிநாட்டுப் படையள் தங்கட ஆக்களுக்கு ஸ்ட்ரடெஜிக் கொம்யூனிகேஷன் (சுருக்கமா ஸ்ட்ராட்கொம்) படிப்பிக்கினம், திட்டமிட்டுப் பரப்புற பொய்யை எப்பிடி எதிர்கொள்ளுறது எண்டு பழக்கினம் எண்டு சொன்ன உடன வகுப்பு ஒருமாதிரிச் சிரிக்கும், பேந்து கேள்வி துவங்கும், பிள்ளையள் வீட்ட போய்ச் சொன்னா அம்மா அப்பாமாரிட்ட இருந்தும் அதே கேள்வியள்தான் வரும். திரும்பத் திரும்பச் சொல்லாம ஒரு இடத்தில எழுதி வைப்பம் எண்டு இது. கேள்வியள் கேட்ட மாதிரியே கிடக்கு, நான் ஒண்டையும் திருத்தேல்லை.

சேர், உந்த ஸ்ட்ராட்கொம் எண்டா என்ன? பிரச்சாரம்தானே, வேற என்ன?

ஒரு படை செய்யிறது, சொல்லுறது, காட்டுறது மூண்டும் ஒரே நோக்கத்தில நிக்கோணும், ஒண்டுக்கு ஒண்டு மாறி இழுக்கக்கூடாது எண்டு பாக்கிற வேலைதான் அது. அறிக்கை விடுறதும் பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டுக் கதைக்கிறதும் அதில ஒரு சின்னத் துண்டு. ரோந்து போற ஜீப் சந்தைக்குள்ளால என்ன வேகத்தில போகுது, சென்றியில நிக்கிறவர் வயசு போன ஆளை எப்பிடிக் கூப்பிடுறார், இதுகளும் அதுக்குள்ளதான் வரும், ஏனெண்டால் சனம் அதுகளையும் ஒரு செய்தியாத்தான் எடுக்குது. நேட்டோ இராணுவக் கூட்டணியில இருக்கிற நாடுகள் சில சேர்ந்து 2014 இல லத்வியாவில, ரீகா நகரத்தில, இதுக்கெண்டே ஒரு மையம் துவங்கினவை. ரஷ்யா கிரிமியாவைப் பிடிச்ச அதே வருசம்.

பிரச்சாரமோ எண்டு கேட்டா நான் மூண்டு விசயம் பாப்பன். சொல்லுறவர் தன்ர பேரைப் போட்டுச் சொல்லுறாரோ, சொல்லுறது உண்மையோ, பிழை எண்டு தெரிஞ்சா வெளியில வந்து திருத்துறாரோ. இதில ஒண்டு இல்லாட்டிலும் அதை நீங்கள் பிரச்சாரம் எண்டு சொல்லலாம், நான் சண்டைக்கு வரமாட்டன்.

இதை எல்லா ஆமிக்காரரும் படிக்கிறவையோ, இல்லாட்டி பேச்சாளர் மட்டுமோ?

ஆழமாப் படிக்கிறது மூண்டு வகை ஆக்கள். ஒண்டு, ஊடகத்தோடையும் பொதுசனத்தோடையும் வெளிப்படையாக் கதைக்கிறவை. ரெண்டாவது, எதிராளியின்ர மனசை மாத்திறதுக்கு வேலை செய்யிற உளவியல் நடவடிக்கைக்காரர். மூண்டாவது, இதுகளை எல்லாம் சண்டைத் திட்டத்தோட பொருத்திறவை. முதலாவது ஆக்களுக்கு அமெரிக்காவில மேரிலாந்து ஃபோர்ட் மீட்டில ஒரு தனிப் பள்ளிக்கூடமே இருக்கு, எழுத்து, படம், வீடியோ, கமராவுக்கு முன்னால பதில் சொல்லுறது எல்லாம் அங்க படிப்பிக்கினம். பிரித்தானியா 2015 இல 77 ஆவது பிரிகேட் எண்டு ஒரு பிரிவை இந்த மாதிரி வேலையளுக்கெண்டு உண்டாக்கினது.

ஆனா இப்ப சாதாரண சிப்பாய்க்கும் கொஞ்சம் படிப்பிக்காம விடேலாது, காரணம் அவற்றை பொக்கற்றில கிடக்கிற போன். ரீகா மையத்து ஆராய்ச்சிக்காரர் ஒரு இராணுவப் பயிற்சி நடக்கேக்க பேஸ்புக்கில போலிப் பக்கமும் போலி ஆக்களும் செய்து விட்டுப் பாத்தவை. செலவு 60 டொலர் அளவுதான். 150 சிப்பாய்மாரை அடையாளம் கண்டு, எந்தப் படைப்பிரிவு எங்க நிக்குது எண்டதையும் பிடிச்சு, சில பேரைச் செய்யக்கூடாத வேலையும் செய்ய வைச்சுப் போட்டினம். 2019 இல அது வெளிய வந்தது. அதுக்கு முதல் வருசம் ஸ்ட்ராவா எண்ட ஓட்டப் பயிற்சி ஆப்பின்ர வரைபடத்தில பாலைவனத்துக்கு நடுவில முகாமுகள் பளிச்செண்டு தெரிஞ்சதும் இதே சாதிக் கதைதான், காலமை ஓடப் போனவர் தான் என்னத்தைக் காட்டிக் குடுத்தவர் எண்டு யோசிச்சிருக்கவே மாட்டார்.

பொய் பொய்தானே, அதில என்ன ரகம் பிரிக்கிறியள்?

ரகம் பிரிச்சாத்தான் என்ன செய்யிறது எண்டு தெரியும். உங்கட மாமி குடும்பக் குறூப்பில போடுற பிழையான மருந்துக் குறிப்பு ஒரு ரகம், அவ அதை உண்மை எண்டு நம்பித்தான் போடுறா. பொய் எண்டு தெரிஞ்சு, ஒரு நோக்கத்தோட, ஆள் வைச்சுப் பரப்புறது ரெண்டாவது. மூண்டாவதைத்தான் கனபேர் மறக்கிறது: தகவல் உண்மை, ஆனா ஆளுக்குக் கேடு செய்யவெண்டே களவாடியோ வெட்டி ஒட்டியோ விடுறது.

பயிற்சியில முதல் அடிச்சுச் சொல்லுறது, மாமியை எதிரி மாதிரி நடத்தாதைங்கோ எண்டதுதான். திட்டமிட்டவன் செய்த பொய்யை மாமிமார்தான் பரப்புவினம், அவையளைப் பேசினா அவை அந்தப் பொய்யை இன்னும் இறுக்கிப் பிடிப்பினம்.

வகுப்பில அப்பிடி என்னதான் படிப்பிக்கினம்? கதைக்கிறது எல்லாருக்கும் தெரியும்தானே.

கதைக்கிறது கடைசிப் பாடம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. முதல் ஒரு செய்தியைப் பிரிச்சுப் பாக்கப் பழக்கினம்: எங்கயிருந்து வந்தது, என்ன சொல்லுது, ஆருக்கெண்டு சொல்லுது, எந்த வழியால வந்தது, என்ன விளைவு. இந்த அஞ்சு கேள்வி அமெரிக்க உளவியல் நடவடிக்கைக்காரரிட்ட இருந்து வந்த பழைய முறை, இண்டைக்கும் கையில எடுக்கலாம். பேந்து படம் சரிபாக்கிறது. பழைய படமோ எண்டு தேடுறது, நிழல் விழுற பக்கத்தை வைச்சு நேரம் கணிக்கிறது, பின்னால தெரியிற மலை, போர்டு, லைற் போஸ்ற் எல்லாத்தையும் சற்றலைற் படத்தோட ஒப்பிடுறது. மலேசிய விமானம் எம்எச்17 ஐ 2014 யூலையில உக்ரைனுக்கு மேல சுட்டு விழுத்தினாப்பிறகு பெலிங்காற் எண்ட இணையத் துப்பறியும் குழு ஏவுகணை வண்டி வந்த பாதையைப் பிடிச்சது சனம் போட்ட படங்களையும் வீடியோக்களையும் வைச்சுத்தான், அவை இராணுவமும் இல்லை உளவுத்துறையும் இல்லை.

அதுக்குப் பிறகுதான் பாவனைப் பயிற்சி, எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான். வெளியில போகாத மூடின நெற்வேர்க்கில பேஸ்புக் மாதிரி ஒண்டு, அதில பொதுசனமா நடிக்கிற ஆக்கள், பத்திரிகைக்காரரா நடிக்கிற ஆக்கள், பொய்யை அவிழ்த்து விடுறதுக்கெண்டு ஒரு எதிர் அணி. படிக்கிறவை காலமை ஒரு திட்டத்தோட வந்து இருப்பினம், ஒரு மணித்தியாலத்தில அந்தத் திட்டம் கிழிஞ்சு போகும். லித்துவேனியாவில 2017 பெப்ரவரியில நடந்ததை எடுங்கோ. ஜேர்மன் படையாக்கள் வந்து இறங்கின கையோட, அவையள் ஒரு சின்னப் பிள்ளையைக் கெடுத்துப் போட்டினம் எண்டு பாராளுமன்ற சபாநாயகருக்கும் ஊடகங்களுக்கும் ஒரு ஈமெயில் போகுது. பொலிஸ் விசாரிச்சா அப்பிடி ஒரு சம்பவமே இல்லை. அந்த இடத்தில நீங்கள் பேச்சாளர் எண்டு வைப்பம், விசாரணை இன்னும் முடியேல்லை, போன் அடிக்குது, என்ன சொல்லுவியள்? "பொய்" எண்டு உடன சொன்னா நாளைக்கு உண்மையா இருந்தா முடிஞ்சியள். "கருத்துச் சொல்ல ஏலாது" எண்டா மறைக்கிறியள் எண்டு எழுதுவினம். பயிற்சியில பழக்கிற பதில், எங்களுக்கு இப்ப தெரிஞ்சது இது, இன்னும் தெரியாதது இது, தெரிஞ்சுகொள்ள இன்னார் இப்ப இதைச் செய்யினம், அடுத்ததா இத்தினை மணிக்குக் கதைப்பம். சொன்ன மணிக்கு வந்து நிக்கிறதுதான் அதில கஸ்ரமான பகுதி.

பொய் வந்தா உடன மறுப்பு விட வேண்டியதுதானே? ஏன் சிலதுக்கு வாயே திறக்கினம் இல்லை?

ஐம்பது பேர் மட்டும் பாத்த பொய்யை நீங்கள் பெரிய எடுப்பில மறுத்தா அஞ்சு லட்சம் பேர் அறிவினம். அதால முதல் கணிக்கிறது, இது அந்தச் சின்ன வட்டத்தை விட்டு வெளிய வந்திட்டுதோ, பெரிய கணக்குகள் தூக்கிட்டினமோ, ஆருக்கும் உடல் ஆபத்து வருமோ எண்டு. உயிர் ஆபத்து எண்டா எவ்வளவு சின்னனா இருந்தாலும் உடன கதைக்கோணும்.

மறுக்கேக்கயும் ஒரு ஒழுங்கு இருக்கு. உண்மையை முதல் சொல்லுங்கோ, பொய் எது எண்டு ஒருக்காச் சுருக்கமாக் காட்டுங்கோ, ஏன் பிழை எண்டு சொல்லுங்கோ, திரும்ப உண்மையில கொண்டுபோய் விடுங்கோ. தலைப்பிலயே பொய்யைப் போட்டு முன்னுக்கு 'இல்லை' சேர்க்கிறதுதான் எங்கட பத்திரிகையள் செய்யிற பெரிய பிழை. ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டா அது உண்மை மாதிரித் தோண்டும் எண்டு 1977 லயே உளவியல்காரர் பரிசோதிச்சுக் காட்டினவை. வேகத்திலயும் நாங்கள் பின்னுக்குத்தான். 2018 இல அமெரிக்காவின்ர எம்ஐரி பல்கலைக்கழகத்து ஆக்கள் ருவிற்றரில ஓடின ஏறத்தாழ 1,26,000 செய்திக் கதையளை ஆராய்ஞ்சு, பொய்யை ஆக்கள் திருப்பிப் பகிர்ற வாய்ப்பு உண்மையை விட 70 சதவீதம் கூட எண்டு கண்டவை, அதுவும் ரோபோக் கணக்குகளால இல்லை, மனுசராலதான்.

முன்கூட்டியே எச்சரிக்கிறது எண்டு சொல்லுறியள், அது வேலை செய்யுமோ?

செய்யும், ஒரு எல்லைக்குள்ள. தடுப்பூசி மாதிரி, பொய்யின்ர ஒரு வலுக்குறைஞ்ச வடிவத்தை முதலே காட்டி அது எப்பிடி ஏமாத்தும் எண்டு விளங்கப்படுத்தினா மனம் தயாரா நிக்கும் எண்டு வில்லியம் மக்குவயர் எண்ட உளவியல்காரர் 1960களில சொன்னது. நல்ல உதாரணம் உக்ரைன். சனாதிபதி செலன்ஸ்கி சரணடையச் சொல்லுற மாதிரி ஒரு டீப்ஃபேக், அதாவது கணினியால செய்த போலி வீடியோ 2022 மார்ச் 16 இல வந்தது, ஆனா அப்பிடி ஒண்டு வரப்போகுது எண்டு உக்ரைன் ரெண்டு கிழமைக்கு முதலே சனத்துக்குச் சொல்லி வைச்சிட்டுது. வீடியோ வந்த உடன அவரே ஒரு வீடியோவில கதைச்சுப் பதில் போட்டார், கதை அவ்வளவுதான்.

ஆனா இந்த எச்சரிக்கை நாள் போகப் போகத் தேயும், திரும்ப நினைவுபடுத்தோணும். எச்சரிக்கிற ஆளில நம்பிக்கை இல்லாட்டி துவங்கவே துவங்காது, அதுக்குத்தான் அடுத்த கேள்வி.

2011 இல கிறீஸ் பூதம் வந்தப்ப ஆமி இல்லை எண்டுதானே சொன்னது, ஏன் எங்கட சனம் ஒருத்தரும் நம்பேல்லை?

இதை நான் வகுப்பில கட்டாயம் எடுக்கிறது. 2011 ஆகஸ்டில நாடு முழுக்க, மலையகம், கிழக்கு, புத்தளம், எங்கட பக்கம் எண்டு, உடம்பில கிறீஸ் பூசின மர்ம மனிதன் இரவில பொம்பிளையளுக்குச் சேட்டை விடுறான் எண்டு பயம். புத்தளத்தில ஒரு பொலிஸ்காரரையே சனம் அடிச்சுக் கொண்டிட்டுது. யாழ்ப்பாணம் நாவாந்துறையில ஆகஸ்ட் 22 இரவு, துரத்தின ஆக்கள் ஆமி முகாமுக்குள்ள ஓடிட்டினம் எண்டு சனம் முகாமைச் சூழ்ந்தது, பேந்து படையாக்கள் வீடு வீடாப் பூந்து அடிச்சு நூறு பேர் அளவில பிடிச்சுக்கொண்டு போனவை. பூதம் இல்லை எண்டு அறிக்கை ஒரு பக்கத்தால, அடி மற்றப் பக்கத்தால. முதல் பதிலில சொன்னன் எல்லோ, சொல்லுறதும் செய்யிறதும் மாறி இழுக்கக்கூடாது எண்டு. இதைவிடத் துலக்கமான உதாரணம் வெளிநாட்டில தேடத் தேவையில்லை.

அது மட்டும் இல்லை. நவாலித் தேவாலயத்தில 1995 இல விமானப்படைக் குண்டு விழுந்ததைக் கண்ட சனம் இது. வன்னியில பொதுமக்கள் இழப்பு பூச்சியம் எண்டதுதான் கொள்கை எண்டு அரசு வருசக் கணக்காச் சொல்லிப்போட்டு, பாதுகாப்பு அமைச்சு தன்ர அறிக்கையில பொதுமக்கள் இழப்பைத் தவிர்க்க முடியாமப் போச்சு எண்டு ஒத்துக்கொண்டது அதே 2011 ஆகஸ்டிலதான். ஐநா நிபுணர் குழு 40,000 பேர் வரை எண்ட நம்பத்தகுந்த குற்றச்சாட்டைச் சொன்னது அதுக்குச் சில மாதம் முதல். அந்தக் கிழமையில உலகத்தின்ர திறமான பேச்சாளரைக் கொண்டந்து விட்டிருந்தாலும் நாவாந்துறையில எடுபட்டிருக்காது. அண்டைக்கு எடுபட்டிருக்கக் கூடியது ஒண்டுதான், சனம் துரத்தின ஆக்களை சனத்துக்கு முன்னால விசாரிக்கிறது.

2018 இல பேஸ்புக்கையே பூட்டினவை. பூட்டினா பொய் நிக்கும்தானே அண்ணை?

அம்பாறையில சாப்பாட்டுக் கடையில மலட்டுக் குளிசை கலக்கினம் எண்ட பொய் பெப்ரவரி கடைசியில முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசலையும் அடிக்க வைச்சது, குளிசை எண்டு சொன்னது வெறும் மாக்கட்டி எண்டு அரச பகுப்பாய்வாளர் பேந்து சொன்னவர். மார்ச்சில கண்டிப் பக்கம் திகன எரிஞ்சது, அவசரகாலச் சட்டம் வந்தது, பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் ஒரு கிழமை அளவில பூட்டு. தடையைச் சுத்திப் போற விபிஎன் தெரிஞ்ச பெடியள் எல்லாம் உள்ளுக்கதான் நிண்டவை. 2019 ஈஸ்டர் குண்டுக்குப் பிறகும் பூட்டினவை.

பூட்டினா சூடு கொஞ்சம் தணியலாம், ஆனா மறுப்புச் சொல்லுறவற்றை வாயும் சேர்ந்து பூட்டுப்படும், தன்ர பிள்ளை எங்க எண்டு தேடுற தாயின்ர போனும் பூட்டுப்படும். உண்மையான ஓட்டை வேற இடத்தில: சிங்களத்தில போட்ட வெறுப்புப் பதிவுகளை முறைப்பாடு செய்தும் கொம்பனி அசையேல்லை, 2020 மே மாதம்தான் பேஸ்புக் இலங்கையில தன்ர தளத்தால நடந்ததுக்கு மன்னிப்புக் கேட்டது.

வெள்ளைக்காரன்ர ஆமி மட்டும் உண்மை சொல்லுறதோ? அவையளிட்டப் போய்ப் படிக்கச் சொல்லுறியள்.

இல்லவே இல்லை. பிலிப்பைன்ஸில சீன சினோவாக் தடுப்பூசியைப் பற்றிப் பயம் கிளப்ப அமெரிக்க இராணுவம் போலிக் கணக்குகள் நடத்தினதை ரொய்ட்டர்ஸ் 2024 யூனில வெளியில கொண்டந்தது. கொரோனாவில சனம் சாகுற நேரத்தில செய்த வேலை. முதல் பதிலில நான் சொன்ன மூண்டு கேள்வியிலயும் அது விழுந்திட்டுது. மியன்மாரில இராணுவமே ரோஹிங்கியா மக்களுக்கு எதிராப் பேஸ்புக்கில விசம் பரப்பி, 2018 ஆகஸ்டில தளபதி மின் ஆங் ஹ்லைங்கின்ர கணக்கையே கொம்பனி எடுத்தது. கீயெவ்வின்ர பேய் எண்டு ஒரு விமானி தனிய நாப்பது ரஷ்ய விமானம் விழுத்தினார் எண்ட கதையை உக்ரைன் விமானப்படை 2022 ஏப்ரல் கடைசியில, அது ஒரு கட்டுக்கதைதான் எண்டு சொல்லிப்போட்டுது. அந்த ஒத்துக்கொள்ளலை நான் மதிக்கிறன், ஆனா ரெண்டு மாதம் ஓட விட்டவை எண்டதையும் மறக்கேலாது.

பாடத்தை எடுக்கலாம், ஆளைக் கும்பிடத் தேவையில்லை.

அப்ப சண்டையில எதிரியை ஏமாத்துறதும் குற்றமோ?

இல்லை. ஜெனீவா உடன்படிக்கையின்ர முதலாவது மேலதிக நெறிமுறை 37 ஆவது உறுப்புரை ரெண்டையும் பிரிக்குது. உருமறைப்பு, போலித் தாங்கி, பொய்யான படை நகர்வு, எதிரிக்குப் பிழையான தகவல் விடுறது எல்லாம் சரி. வெள்ளைக் கொடி காட்டிப்போட்டுச் சுடுறது, காயப்பட்டவன் மாதிரிப் படுத்திருந்து தாக்குறது, பொதுமகன் மாதிரி நடிச்சுக் கொல்லுறது தடை. பாதுகாப்புச் சின்னத்தில இருக்கிற நம்பிக்கையைக் கெடுத்தா அடுத்த நாள் உண்மையா வெள்ளைக் கொடியோட வாறவனையும் ஒருத்தரும் விடமாட்டினம், எங்கட ஆக்களுக்கு இதை நான் விரிச்சுச் சொல்லத் தேவையில்லை.

பொய்யைப் பிடிக்கிறம் எண்டு சொல்லிக்கொண்டு ஆமி என்ர பேஸ்புக்கைப் பாக்கத் துவங்கினா?

இதுதான் எல்லாத்திலயும் கஸ்ரமான கேள்வி, கேக்கிற பிள்ளையள் சும்மா கேக்கினம் இல்லை. நவம்பரில மாவீரர் நாளுக்கு விளக்குக் கொளுத்தின படம் போட்டதுக்கு விசாரணைக்குப் போய் வந்த ஆக்கள் இருக்கிற ஊர் இது. எதிரி நாட்டின்ர பொய்யைத் தேடுறதுக்குப் பழகின கருவி சொந்தச் சனத்திலயும் வேலை செய்யும். அமெரிக்கா 1948 லயே வெளிநாட்டுக்கெண்டு செய்யிற அரசாங்கப் பரப்புரையைத் தனிச் சட்டத்துக்குள்ள கொண்டந்து, சொந்தச் சனத்துக்கு அதைக் காட்டுறதுக்குப் பேந்து தடையும் போட்டது, 2012 இல அந்தத் தடையைத் தளர்த்தினவை. பிரித்தானியாவில 77 ஆவது பிரிகேட் கொரோனா காலத்தில உள்ளூர்ப் பதிவுகளைப் பாத்தது எண்டு பெரிய சர்ச்சை வந்தது.

என்ர அபிப்பிராயம் இதுதான்: உள்நாட்டில பொய்யை மறுக்கிற வேலை சுகாதாரத் திணைக்களம், தேர்தல் ஆணைக்குழு, உள்ளூராட்சி சபை, ஊடகம் மாதிரிச் சிவில் ஆக்களிட்ட இருக்கோணும். ஆமி தன்னைப் பற்றின பொய்க்குத் தன்ர பேரைப் போட்டுப் பதில் சொல்லட்டும், அதோட நிக்கட்டும். எது பொய் எண்டு தீர்மானிக்கிற அதிகாரத்தைச் சட்டத்தில குடுத்தாலும் பிரச்சினை தீராது. 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை ஊடகக்காரரும் மனித உரிமை ஆக்களும் எதிர்த்தது அதால. எங்கட கையில இருக்கிற கருவி 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பாதுகாப்பு எண்டு சில விசயத்துக்கு மறுப்பினம், ஆனா காணி, றோட்டு, பயிற்சிக்குப் போன காசு எண்டு கேக்கிறதுக்குப் படிவம் நிரப்பிக் குடுத்துப் பாருங்கோ, மறுத்தா முதல் அந்த நிறுவனத்தின்ர குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பேந்து தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு போகலாம்.

ஏஐ வந்தாப்பிறகு உந்தப் பயிற்சி எல்லாம் பழசாப் போகேல்லையோ?

கருவி பழசாகும், முதல் சொன்ன அந்த அஞ்சு கேள்வி பழசாகாது. செலன்ஸ்கி வீடியோவில தலை கழுத்தில ஒட்டாம நிண்டது, இப்ப வாறதுகளில அப்பிடித் தெரியாது, கண்ணால பாத்துப் பிடிக்கிற காலம் போட்டுது. அதால வீடியோவைப் பாக்கிறதை விட அது எங்கயிருந்து வந்தது எண்டு பாக்கிறதுக்குக் கூட நேரம் குடுக்கினம். எனக்குப் பயம் மற்றப் பக்கம்தான்: உண்மையான வீடியோவைக் காட்டினாலும் "அது ஏஐ" எண்டு சொல்லித் தப்பலாம். சாட்சிக்கு வீடியோவை நம்பியிருக்கிற குடும்பங்கள் கனக்க இருக்கிற இடத்தில அது சின்ன விசயம் இல்லை, மூலக் கோப்பையும் எடுத்த போனையும் திகதியோட பத்திரமா வைக்கச் சொல்லி நான் எல்லாருக்கும் சொல்லுறது.

தம்பி, என்ர மகனுக்கு உதுகளில விருப்பம். ஆமியில சேராமப் படிக்கேலாதோ?

ஏலும் அன்ரி, வடிவாப் படிக்கலாம். யாழ் பல்கலைக்கழகத்தில ஊடகக் கற்கைகள் துறை இருக்கு. ஃபக்ற் கிறெசென்டோ இலங்கைத் தளம் தமிழிலயும் உண்மை பாக்குது, அவை ஒரு படத்தை எப்பிடிப் பிடிச்சவை எண்டு வாசிச்சாலே பாதிப் பாடம் வரும். ரீகா மையத்தின்ர ஆய்வுகளும் பெலிங்காற் ஆக்களின்ர வழிகாட்டிகளும் நெற்றில இலவசமாக் கிடக்கு, இங்கிலீஷ் கொஞ்சம் வேணும்.

இங்கிலீஷை விட முதல் சிங்களம் படிக்கச் சொல்லுங்கோ. இஞ்ச வாற கனக்கக் கதையள் சிங்களத்தில துவங்கி, ரெண்டு நாளில தமிழுக்கு வந்து, வரேக்க இன்னும் காரம் ஏறியிருக்கும். மூலத்தை வாசிக்கத் தெரிஞ்ச பெடியனுக்கு வேலையும் கிடைக்கும்.